அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், இன்னும் அவளிடம் சொல்லவில்லை

பொருநைக்கரையான் | பிப்ரவரி 9, இரவு 11:52

வணக்கம். ஒரு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத் தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. ஊர் ஆலங்குளம் பக்கம். பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள், ஒரு பீடிகூடக் குடித்தது கிடையாது. போன ஆவணியில் இருமல் தொடங்கியது. டவுனில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டி.பி. என்றார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் இரண்டு மாதம் டி.பி. மாத்திரைதான். இருமல் அப்படியே இருந்தது, எடை மட்டும் இறங்கியது. மார்கழியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தாள். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது, ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். அந்த நீரைப் பரிசோதித்ததில்தான் விஷயம் தெரிந்தது. அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை.

மரபணுப் பரிசோதனையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று வந்தது. அதனால் இப்போதைக்குக் கீமோ வேண்டாம், மாத்திரையே போதும் என்றார் டாக்டர். ஜெஃபிடினிப் 250, தினம் ஒன்று, பிப்ரவரி 1 முதல் போகிறது. ஒசிமெர்டினிப் என்ற புது மாத்திரை இதைவிட நல்லது என்றும் சொன்னார். மாதம் லட்சத்தைத் தாண்டும் என்றதும் நான் தரையைப் பார்த்தேன், அவரே பேச்சை மாற்றிவிட்டார்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நெஞ்சில் நீர்க்கோவை, சளி கட்டிவிட்டது, ஒரு வருசம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். "கேன்சர்னு சொன்னா அன்னைக்கே பாதி உசிரு போயிரும்" என்பது மாமாவின் கட்சி. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், அக்காதான் கூடவே இருந்து பார்க்கிறாள். சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அப்புறம், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு என்னென்ன கவனிக்க வேண்டும்?

பழைய_ராசா | பிப்ரவரி 10, காலை 6:20

தம்பி, மாமா சொல்வதைக் கேளுங்கள். எங்கள் அப்பாவிடம் ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே நின்றார், ஆறிப்போயிற்று. அதற்கப்புறம் சாப்பாடு பாதியாகிவிட்டது. கடைக்குப் போவதை நிறுத்தினார். இரண்டாவது கீமோவுக்கு வர மாட்டேன் என்று கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். நோய் தின்றது பாதி என்றால் அந்த வார்த்தை தின்றது பாதி. படித்தவர்கள் சொல்லச் சொல்வார்கள், வீட்டில் இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

வார்டு_எண்_7 | பிப்ரவரி 10, மதியம் 2:45

புற்றுநோய் வார்டில் பதினான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொல்வதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுகிறேன், முதலில் மாத்திரை.

உங்கள் அம்மா கேஸ் மாத்திரை ஏதாவது போடுகிறாரா? ஜெஃபிடினிப் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் இருக்க வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை அந்த அமிலத்தைக் குறைத்துவிடும், மருந்து பாதியளவுதான் சேரலாம். நம் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை என்பது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது, யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை. டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் முகத்திலும் நெஞ்சிலும் பரு மாதிரி கிளம்பும். அதற்குப் பருக் களிம்பு போடாதீர்கள், தோலை இன்னும் காய வைக்கும். குளித்ததும் வாசனை இல்லாத ஈரப்பசைக் களிம்பு, வெயிலில் போனால் தலைக்குத் துணி. வயிற்றுப்போக்கு வரும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது. கை கால் நகத்து ஓரம் சிவந்து வீங்கலாம், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டாம். இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. ஆனால் புதிதாக மூச்சுத்திணறலோ காய்ச்சலோடு வறட்டு இருமலோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். நீர் திரும்பக் கோத்திருக்கலாம். அபூர்வமாக மருந்தாலேயே நுரையீரல் அழற்சி வரும், அது ஆபத்து.

விலை விஷயத்தில் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ஒசிமெர்டினிப் மேல் என்பது உண்மைதான். ஃபிளாரா என்ற பெரிய ஆய்வில் பாதிப் பேருக்காவது நோய் கட்டுக்குள் இருந்த காலம் ஒசிமெர்டினிப்பில் 18.9 மாதம், ஜெஃபிடினிப் வகை மாத்திரைகளில் 10.2 மாதம். 2024 பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியை எடுத்தார்கள், அந்த வருடமே ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படியும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். ஆனால் ஜெஃபிடினிப் கேட்காமல் போகும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி790எம் என்ற புது மரபணு மாற்றம் வரும். அப்போதும் ஒசிமெர்டினிப் வேலை செய்யும். கதவு மூடிவிடவில்லை. கம்பெனிகளின் நோயாளி உதவித் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

செல்வி_ஈரோடு | பிப்ரவரி 10, இரவு 9:10

ராசா அண்ணே, உங்கள் வலி புரிகிறது. எங்கள் வீட்டில் நேர் எதிர்க் கதை. அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. நாங்கள் அவருக்கு முன்னால் சிரிப்போம், சமையற்கட்டில் அழுவோம். அவர் வந்து நின்றால் பேச்சு அறுந்துபோகும். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாங்க் லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் என்பாரே! அவர் போன பிறகு மூன்று மாதம் அலைந்தோம். சாவி ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒரு வருடம் ஒரே வீட்டில் நடித்துக்கொண்டிருந்தோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நல்வழி | பிப்ரவரி 11, காலை 5:05

அலோபதி எல்லாம் வியாபாரம். முள்சீத்தா இலை பத்து, நான்கு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளராக வற்ற வைத்துக் காலை மாலை. கீமோவைவிடப் பல மடங்கு சக்தி. சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள், கட்டி பட்டினி கிடந்து சாகும். என் நண்பரின் மாமனார் பிழைத்தார்.

வார்டு_எண்_7 | பிப்ரவரி 11, காலை 7:30

நல்வழி ஐயா, இந்த இலைக் கஷாயம் வாரம் ஒரு முறையாவது எங்கள் வார்டுக்கு ஃபிளாஸ்கில் வந்துவிடுகிறது. சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வது வேறு, மனிதருக்குள் நோயைக் குறைப்பது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை. கரீபியனில் குவாதலூப் என்ற தீவில் முள்சீத்தாவை வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நரம்புக் கோளாறு அதிகம் இருப்பதை 1999-இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைச் சொல்லவில்லை, தினமும் இரண்டு டம்ளர் கஷாயத்தைச் சொல்கிறேன்.

சர்க்கரைக் கதையையும் நம்ப வேண்டாம். எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தருக்கு அரை டம்ளர் பாயசத்தையும் பிடுங்குவது எந்த வைத்தியம்? நீரிழிவு இருந்தால் அது வேறு. முட்டை, மீன், பயறு, தயிர்ச்சோறு, எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 11, காலை 10:15

சட்டென்று சில விஷயங்கள், மூன்று வருடம் அப்பாவோடு அலைந்த அனுபவத்தில். எடுத்த நீரிலிருந்து செய்த பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்த மாதிரி) ஸ்லைடும் லேபில் இருக்கும். இரண்டாவது கருத்துக் கேட்கப் போனாலும் வேறு பரிசோதனைக்கு அனுப்பினாலும் அது வேண்டும். ரிப்போர்ட் மட்டும் போதாது, எழுதிக் கொடுத்து பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஃபைலில் காகிதங்களைத் தேதி வரிசையில், புதியது மேலே வருமாறு அடுக்குங்கள், டாக்டருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடம்தான். பெட் ஸ்கேன் (கதிரியக்க ஊசி போட்டு எடுப்பது) எடுத்தால் அன்றைக்கு முழுக்கப் பேரப்பிள்ளைகளை மடியில் உட்கார வைக்க வேண்டாம். ரயிலில் போவதாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். கவுண்டரில் எடுக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பில் போட்ட பிறகு கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மாடசாமி_முக்கூடல் | பிப்ரவரி 11, இரவு 8:40

ஆலங்குளம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி, அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு கொடுப்பது. அது இருந்தால் புற்றுநோய் சிகிச்சைச் செலவை 7.5 லட்சம் ரூபாய் வரை திரும்பப் பெற வழி இருக்கிறது. பெண்கள் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு மட்டும் அந்த அட்டையை எடுப்பார்கள், அப்புறம் டிரங்குப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய மருத்துவமனை இருக்கிறதே, அங்கே போய் முதலில் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி பில் செல்லும், யார் கையெழுத்து வேண்டும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு ரசீதும் அசலாக வேண்டும். மெடிக்கல் கடையில் துண்டுச்சீட்டு கொடுத்தால் வாங்காதீர்கள்.

பொருநைக்கரையான் | பிப்ரவரி 12, காலை 7:00

அட்டை இருக்கிறது! நான் பத்தாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக எடுத்தது. அக்கா இன்று முக்கூடல் போகிறாள். கேஸ் மாத்திரை விஷயமும் உண்மை, அம்மா நாலு வருடமாகத் தினமும் போடுகிறாள். நாங்கள் யாருமே டாக்டரிடம் சொல்லவில்லை. போன் செய்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். பீடித் தூளால்தான் வந்தது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அப்படியா?

வார்டு_எண்_7 | பிப்ரவரி 12, மாலை 4:20

ஒருத்தருக்கு எதனால் வந்தது என்று யாராலும் விரலை நீட்டிச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருக்கும் இந்த மரபணு மாற்றம் புகைபிடிக்காதவர்களிடம், அதிலும் ஆசியப் பெண்களிடம், அதிகம் காணப்படுவது. சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்லுங்கள். உங்களைப் படிக்க வைத்த வேலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி அம்மாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பொருநைக்கரையான் | பிப்ரவரி 22, இரவு 10:30

ஊரில் இருக்கிறேன். இன்றைக்கு ஒரு காரியம் நடந்தது.

மாத்திரை முப்பது கொண்ட டப்பாவாக வரும். நேற்று வரை 21 நாள் ஆகியிருக்கிறது, 9 மிச்சம் இருக்க வேண்டும். டப்பாவைக் கட்டிலில் கொட்டி எண்ணினேன், 15 இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். "வயித்தால போச்சு, அன்னைக்கெல்லாம் விட்டுட்டேன். சளி மாத்திரைதான, நாலு நாள் விட்டா என்ன?" என்றாள். வயிற்றுப்போக்கை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே அவளுக்கு வேலை அதிகம், இதை வேறு ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாளாம்.

அப்புறம் கையை நீட்டிக் காட்டினாள். வலது கட்டைவிரல் நகத்து ஓரம் சிவந்து சீழ் வைத்திருந்தது. பீடி சுற்றுகிறவர்களுக்குத் தெரியும், இலையில் தூளை வைத்து உருட்டி, நூல் கட்டுவதற்கு முன்னால் வாயை மடக்கிவிடுவது இந்த நகத்தால்தான். தைப் பொங்கலோடு வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் பகலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அத்தைக்கு அம்பது, நூறு சுற்றிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அதுவும் முடியவில்லை. "சளி மாத்திரை ஏன்டா வெரலைத் திங்குது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

வார்டு_எண்_7 | பிப்ரவரி 22, இரவு 11:05

விட்ட மாத்திரையைச் சேர்த்துப் போட வைக்காதீர்கள், நாளைக்கு ஒன்றுதான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வயிற்றுப்போக்கையும் விரலையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் டாக்டரே சில நாள் நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்வார், அது அவர் முடிவு. விரலை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் வைத்து எடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுளகைக் கொஞ்ச நாள் பரணில் ஏற்றிவிடுங்கள்.

சொல்வதா வேண்டாமா என்றீர்களே. நான் பார்த்த வரையில் இதுதான் விஷயம். சளி என்று நினைக்கிறவர் சளிக்குத் தகுந்த மாதிரிதான் நடந்துகொள்வார். வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையை விடுவார், மூச்சு வாங்கினால் பனிக்காலம் என்பார். எதை நமக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

பழைய_ராசா | பிப்ரவரி 23, காலை 6:10

ஆறு மாத்திரை என்று படித்ததும் திக்கென்றது. என் அப்பாவுக்குக் கீமோ என்பதால் ஊசியை அவர்களே போட்டுவிட்டார்கள், இந்தச் சிக்கல் எனக்கு வரவில்லை. சொல்லக் கூடாது என்று நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம் தம்பி. எங்களுக்கு நடந்தது மாதிரி வராந்தாவில் நிற்க வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

தெல்லிப்பளை_மகள் | பிப்ரவரி 23, காலை 9:50

நான் யாழ்ப்பாணம். அப்பாவுக்குத் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம் நடந்தது. 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து காசு சேர்த்தவை, அந்தக் காசு இந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. எங்களுக்கும் இதே பிரச்சினைதான், பெரியப்பா சொல்ல விடவில்லை.

அங்கே ஒரு தாதி எனக்குச் சொன்னா, நீங்கள் சொல்லத் தொடங்காதேங்கோ, முதலில் கேளுங்கோ என்று. "அப்பா, உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீங்கள்?" எங்கட ஊரில் வருத்தம் என்றால் நோய். அவர் சொல்லுகிற பதிலில் இருந்து ஒரு படி மட்டும் போகலாம். அவர் மேலே கேட்டால் இன்னொரு படி. நிறுத்தினால் நாங்களும் நிறுத்த வேண்டும். எத்தனை மாதம் என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் வருத்தத்தின் பெயர் அவருக்குத் தெரியும்.

செல்வி_ஈரோடு | பிப்ரவரி 23, இரவு 8:15

இன்னொன்று தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இழை முழுக்க நீங்களும் மாமாவும் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. அக்கா என்ன சொல்கிறார்? ராத்திரி அம்மா இருமினால் எழுந்திருக்கிறவர் அவர்தானே?

பொருநைக்கரையான் | பிப்ரவரி 24, காலை 6:45

கோபமில்லை. நேற்று கேட்டேன். "இப்பவாவது கேட்டியே" என்றாள். அவள் முதல் வாரமே சொல்லிவிடலாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாள், மாமா அதட்டிவிட்டார். எனக்கு இந்த விஷயமே தெரியாது.

பொருநைக்கரையான் | மார்ச் 3, இரவு 9:40

சொல்லிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அக்காவும் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். தெல்லிப்பளைச் சகோதரி சொன்ன மாதிரியே கேட்டேன். "எம்மா, ஒனக்கு என்ன சீக்குன்னு நெனைக்க?"

"நீதான சொன்ன, நீர்க்கோவைன்னு." இன்னொரு காம்பை உருவி முடித்துவிட்டு, "ஏன், அது இல்லையா?" என்றாள்.

கட்டி இருக்கிறது என்றேன். எந்தக் கட்டி என்றாள். அக்காதான் சொன்னாள், கேன்சர் என்று. என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அம்மா கீரையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாத்திரை இதுக்குள்ளதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்போ நான் விட்ட ஆறையும் சேத்துப் போட்டுக்கிடட்டா?"

வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோபம் அப்புறம்தான் வந்தது, அது நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டாள். மாமா, சித்தப்பா, மதினி என்று வரிசையாகச் சொன்னேன். "எதுத்த வீட்டு அத்தைக்கு?" தெரியும் என்றேன். "அப்போ இந்தத் தெருவுல எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்று கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா போன் செய்தால் இரண்டு நாள் எடுக்கவில்லை. ராத்திரி அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அக்காதான் பக்கத்தில் படுத்திருந்தாள், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய_ராசா | மார்ச் 4, காலை 6:00

மாமா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

பொருநைக்கரையான் | ஏப்ரல் 14, மாலை 5:30

புத்தாண்டு வாழ்த்துகள். முக்கூடலில் கொடுத்த பட்டியலின்படி காகிதங்கள் எல்லாம் சேர்த்துவிட்டோம், மாடசாமி அண்ணனுக்கு நன்றி. டாக்டர் மாத்திரையை எட்டு நாள் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். விரல் ஆறிவிட்டது. முகத்தில் பரு இருக்கிறது, கூடப்பிறந்தது மாதிரி பழகிவிட்டாள். இப்போது படுத்துத் தூங்குகிறாள்.

மாத்திரைக் கணக்கு அவள் கைக்குப் போய்விட்டது. பீடிக் கம்பெனியின் பழைய பாஸ்புத்தகத்தில் பின்பக்கம் காலியாக இருந்த தாள்களில் தினம் ஒரு கோடு. இருபத்தைந்து கோடு ஆனதும் வட்டம் போடுகிறாள், ஒரு பீடிக்கட்டு மாதிரி. வயிற்றால் போனால் கோட்டுக்குக் கீழே புள்ளி. போன வாரம் டாக்டரிடம் அந்தப் புத்தகத்தை அவளே நீட்டினாள், அவர் புரட்டிப் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

22-ஆம் தேதி முதல் ஸ்கேன். இந்த இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நல்வழி ஐயாவின் கஷாயத்தைக் கேட்டுவிட்டு, பத்து இலைக்கு நாலு டம்ளர் தண்ணீர் அதிகம் என்றாள். நர்ஸ் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். விரல் சரியாகிவிட்டதே, சுளகைப் பரணிலிருந்து இறக்கலாமா?

வார்டு_எண்_7 | ஏப்ரல் 14, இரவு 10:20

முருங்கைக்கீரைக்கு இறக்கலாம் என்று சொல்லுங்கள். புகையிலைத் தூள் பறக்கும் வேலை இந்த நுரையீரலுக்கு வேண்டாம் என்பேன். ஆனால் என்னிடம் கேட்டதோடு விட வேண்டாம். 22-ஆம் தேதி டாக்டரிடம் அம்மாவே கேட்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பாஸ்புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.